நித்யா விஷயமாக

காட்பாடி,
வைகாசி 6

அன்புள்ள சரோ,

உன் மகள் நித்யாவின் குழந்தை வைத்தியம் பற்றி நீ எழுதிய கடிதமும், கூட வைத்திருந்த ஆஸ்பத்திரி நோட்டீஸும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தின நாள்தான் கிடைத்தன. திருவிழாவுக்குக் குடியாத்தம் போய் வந்து சாவகாசமாக எழுதலாம் என்று வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கே கூட்டமும் வெயிலும் அப்படியேதான் இருக்கின்றன. பள்ளிக்கூட நாளில் உங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று பார்த்தோமே, அந்தத் தெருவில் நின்றுதான் கெங்கையம்மனிடம் நித்யாவுக்காக வேண்டிக்கொண்டேன். திரும்பி வந்து, நீ கேட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு நான்கு நாள் உட்கார்ந்தேன். வைத்தியம் எனக்குத் தெரியாது சரோ. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்ததால் சதவீதம் எதை மறைக்கும் என்று தெரியும், அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நித்யாவுக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை. லெட்ரோசோல் தடை செய்த மருந்து என்று சம்பந்தியம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னது பொய்யில்லை, பழைய செய்தி. மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மாத்திரை அது. 2005-ல் கனடாவில் ஒரு மாநாட்டில், அதைச் சாப்பிட்டுப் பிறந்த 150 குழந்தைகளை, சாதாரணமாகப் பிறந்த முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் குழந்தைகளோடு ஒப்பிட்டு, இதயக் குறையும் எலும்புக் குறையும் கூடுதலாகத் தெரிகிறது என்றார்கள். யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் பார்! ஒரு பக்கம் பல வருஷம் காத்திருந்து வைத்தியம் பார்த்த பெண்கள், இன்னொரு பக்கம் வயது குறைந்த, சிக்கலே இல்லாத பெண்கள். அடுத்த வருஷமே 911 குழந்தைகளைப் பார்த்தார்கள், எல்லாமே வைத்தியத்தில் பிறந்தவை. குறையோடு பிறந்தவை லெட்ரோசோலில் 2.4 சதவீதம், பழைய குளோமிஃபீன் மாத்திரையில் 4.8 சதவீதம். அப்படியிருந்தும் 2011-ல் நம் அரசாங்கம் குழந்தைக்கான வைத்தியத்தில் அதைத் தடை செய்தது, 2017-ல்தான் எடுத்தது. இப்போது நித்யாவைப் போலச் சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) இருக்கிறவர்களுக்கு முட்டை வளர முதலில் கொடுக்கச் சொல்வது இந்த மாத்திரையைத்தான், 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலிலும் அப்படித்தான் இருக்கிறது. சம்பந்தியம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல். பயத்தில் சொன்னதுதானே, எதிர்வாதம் செய்யாதே.

அப்புறம் அந்த நோட்டீஸ். பெரிய எழுத்தில் வெற்றி சதவீதம் போட்டிருக்கிறார்கள், எது வெற்றி என்று எங்கேயும் இல்லை. முட்டை வெடித்தாலும் வெற்றி என்று சொல்லலாம், நாள் தள்ளிப்போய் இரண்டு கோடு வந்தாலும் சொல்லலாம், ஸ்கேனில் துடிப்பு தெரிந்தாலும் சொல்லலாம். நமக்கு வேண்டியது குழந்தை வீட்டுக்கு வருவது ஒன்றுதான். ஒரே ஆராய்ச்சியிலேயே இவை எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று பார். 2014-ல் அமெரிக்காவில் நீர்க்கட்டி இருந்த 750 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு மாதவிடாய்க்கு ஒரு சுற்று என்று அதிகபட்சம் ஐந்து சுற்று மாத்திரை கொடுத்தார்கள். லெட்ரோசோல் கொடுத்த சுற்றுகளில் முட்டை வெடித்தது 61.7 சதவீதத்தில். அதே பெண்களில் குழந்தை பெற்றவர்கள் 374 பேரில் 103 பேர், அதாவது 27.5 சதவீதம். முதல் கணக்கு சுற்றுக்கு, இரண்டாவது ஆளுக்கு, கீழே வகுக்கும் எண்ணே வேறு! குளோமிஃபீனில் 376 பேரில் 72 பேர், 19.1 சதவீதம். இந்த வித்தியாசத்தையே ஒருத்தர் '44 சதவீதம் கூடுதல்' என்று எழுதலாம், இன்னொருத்தர் 'நூறு பேரில் எட்டு ஒன்பது பேருக்குக் கூடுதல்' என்று எழுதலாம், இரண்டும் சரி. நீ இரண்டாவதை மனசில் வைத்துக்கொள்.

மூன்று சுற்றுப் போட்டும் நிற்கவில்லை, என் உடம்புதான் சரியில்லை என்று நித்யா அழுகிறாள் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல மாத்திரை என்று பெயர் வாங்கிய அந்தப் பக்கத்திலேயே 271 பேருக்கு அந்த ஐந்து சுற்றுக்குள் குழந்தை பிறக்கவில்லை சரோ. அவள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். எனக்கு ஏழு வருஷம் ஆனது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் 'விசேஷம் ஏதாவது உண்டா' என்று கேட்பார்களே, அப்போது இந்த 271-ஐ யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஆராய்ச்சியில் இருந்த பெண்கள் சராசரியாக நல்ல கனம், நித்யாவின் ஐந்தடி இரண்டங்குல உயரத்துக்கு 87 கிலோ இருப்பதுபோல. இரண்டு மாத்திரைக்கும் வித்தியாசம் முக்கியமாகத் தெரிந்ததும் கனமானவர்களிடம்தான். இவள் 58 கிலோ, அதனால் அந்த எண்ணை அப்படியே இவளுக்கு ஒட்டிவிட முடியாது, டாக்டரிடம் கேட்கவேண்டும். ஆராய்ச்சியில் சேர்க்கும்போதே கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்து, கருக்குழாய் ஒன்றாவது திறந்திருக்கிறதா என்றும் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பரிசோதனை ஆயிற்றா? நீ மூன்று பக்கம் எழுதியும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் போதும் என்று உன் ஓரகத்தி சொன்னதற்கு 2007-லேயே பதில் இருக்கிறது: 626 பேரில், மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் குழந்தை பெற்றவர்கள் 7.2 சதவீதம், குளோமிஃபீனில் 22.5.

டெஸ்ட் டியூபுக்குப் போகச் சொல்கிறார்கள் என்றாயே, அவசரப்பட வேண்டாம். போவதானால் கருவை உறையவைத்து அப்புறம் வைப்பார்களா என்று கேள். 2016-ல் சீனாவில் 1508 பெண்களிடம் பார்த்ததில், உறையவைத்தவர்களுக்குக் குழந்தை 49.3, உடனே வைத்தவர்களுக்கு 42 சதவீதம். ஊசியால் சினைப்பை வீங்கி நீர் கோர்க்கும் ஆபத்து 7.1-லிருந்து 1.3-ஆகக் குறைந்தது. ஆனால் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிக்கலாவது 1.4-லிருந்து 4.4 ஆனது. நல்லதைச் சொல்கிறவர்கள் இதையும் சொல்கிறார்களா என்று பார்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நித்யாவைத் தனியாக அனுப்பாதே, மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்காரட்டும். அவர் ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நித்யாவுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு பிடிக்குமே, ஆனி முதல் வாரம் அவளை இங்கே ஒரு பத்து நாள் அனுப்பி வை. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன், அவளாகக் கேட்டால் ஒழிய.

உன்
வசந்தி