சனிக்கிழமை மேசை

செங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் கூட்டம் நெரிகிறது என்று அப்பா அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறார். ஆச்சிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, பலாப்பழத்தைத்தான் விட மாட்டேன் என்கிறாள். புளியரை வயலில் நடவு முடிந்தது. வேறு விசேஷம் இல்லை.

போன மாதம் வந்தபோது நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையாட்டத்து டைஸ் பையை மச்சு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். மறந்துவிட்டாயா என்று கேட்க மாட்டேன். சாவி, சார்ஜர், காதடைப்பான், தண்ணீர் பாட்டில் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே படியிறங்குகிறவன் நீ. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மேசை, அதாவது சேர்ந்து ஆடுகிற கூட்டம், ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்று தேடலாம், அவ்வளவுதான் சொல்ல வந்தேன். எட்டு வருஷம் மச்சில் கதையையும் பூதங்களையும் நடத்துகிற டி.எம். நாற்காலியில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் எத்தனை பேர் என்று கேள். ஆறு பேர் ஆடும் சண்டையில் ஆளுக்கு மூன்று நிமிடம், டி.எம். தன் பூதங்களை நகர்த்த ஐந்து நிமிடம் என்று வை. உன் முறை முடிந்து மறுபடி உன்னிடம் வர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில்தான் மற்றவர்கள் போனைப் பார்ப்பதும், குறுக்கே பேசுவதும், சிரிப்பதும். மூன்று பேர் என்றால் பத்து பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். மூன்று அல்லது நான்கு ஆட்டக்காரர், ஒரு டி.எம்., யாராவது ஒருவர் வீடு. உனக்கு அதுதான் தோது. கபேயில் நடக்கும் போர்டு கேம் மாலைகளுக்கு ஆள் பழக்கத்துக்காகப் போ, அங்கேயே உட்கார்ந்து ஆடாதே. ஒரே ஹாலில் நான்கு மேசை போட்டால் நான்கு மேசைச் சத்தமும் உன் காதில் ஒரே அளவில் விழும்.

ஆன்லைனில் தேடினால் இரண்டு வகை இருக்கிறது. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எழுத்திலேயே ஆடுவது ஒன்று. யோசித்து, எழுதி, திருத்தி, பிறகு அனுப்பலாம். முகம் இல்லை, குரல் இல்லை. அதில் ஒரு கோளாறு, பாதி ஆட்டங்கள் சில வாரத்தில் சத்தமில்லாமல் நின்றுபோகும். ஒருவர் பதில் போடாவிட்டால் எல்லோரும் அவருக்காகக் காத்திருந்து காத்திருந்து கலைந்துபோவார்கள். அது உன்னால் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னொன்று, குரலில் பேசி ரோல்20 மாதிரி இணையப் பலகையில் ஆடுவது. யார் முறை என்று பலகையே காட்டும், கேமரா அவசியமில்லை. வெளிநாட்டு மேசை என்றால் நேரத்தைக் கணக்குப் பண்ணு. நியூயார்க்கில் கோடையில் இரவு 7 மணி நமக்கு விடிகாலை 4:30. லண்டனில் கோடையில் மதியம் 2 மணி நமக்கு மாலை 6:30, அது தோது. ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், 6:30 என்பது 7:30 ஆகும். மாறுகிற தேதியை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவை, இல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க உனக்கு மனசு நிலைகொள்ளாது.

சேருவதற்கு முன்னால் டி.எம்.முக்குப் போன் பண்ணாதே, எழுது. எத்தனை பேர், சொன்ன நேரத்துக்கே ஆரம்பிப்பீர்களா, எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், இடைவேளை உண்டா, 2014 விதியா 2024 விதியா, வீட்டு விதிகள் என்னென்ன, பாட்டுப் போடுவீர்களா, ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் அடிக்கலாமா, ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பேசிவைக்கிற செஷன் ஜீரோ வைப்பீர்களா. புத்தகத்துக்குக் காசு கொடுக்காதே, இரண்டு பதிப்பின் அடிப்படை விதிகளும் எஸ்.ஆர்.டி. என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'நாங்கள் நான்கு பேர், ஆறரைக்கு ஆரம்பம், எட்டு மணிக்குப் பத்து நிமிடம் டீ, ஒன்பதரைக்கு எழுந்துவிடுவோம்' என்று பதில் வந்தால் அது நல்ல மேசை. 'அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ, சும்மா வா' என்று வந்தால் கெட்டவன் என்று அர்த்தமில்லை. யோசித்து வைக்காதவன். யோசித்து வைக்காத மேசையில் சிரமம் முழுக்க உன் தலையில் விழும்.

எந்த மொழியில் ஆடுகிறார்கள் என்றும் கேள். இதை மட்டும் விட்டுவிடாதே. மலையாளம் உனக்குப் புரியும், ஆரியங்காவு அத்தை வீட்டில் கேட்டு வளர்ந்ததுதானே. ஆனால் ஐந்து பேர் ஒன்றாகப் பேசும் கொச்சி மலையாளம் வேறு. விதி இங்கிலீஷில், கேலி மலையாளத்தில், உன் யோசனை தமிழில். நீ மூன்றையும் ஒட்டிப் பதில் தயார் செய்வதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதை மந்தம் என்று ஒருத்தன் நினைத்தால் அவன் மூன்று மொழியில் ஒரு வழக்கு பேசிக் காட்டட்டும். சண்டை நடக்கும்போது மட்டுமாவது ஒரே மொழியில் பேசுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

செஷன் ஜீரோவில் எக்ஸ் கார்டு உண்டா என்று பார். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் கொண்டுவந்தது. அட்டையில் ஒரு பெருக்கல் குறி, அதைத் தொட்டால் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. பல மேசைகளில் அட்டை இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். முதலில் தொடுகிறவனிடம் 'ஏன், என்னாச்சு?' என்று நாலு பேர் திரும்பினால் அந்த அட்டைக்கு உயிர் இல்லை. நல்ல டி.எம். முதல் நாளே ஒரு சின்ன விஷயத்துக்குத் தானே தொட்டுக் காட்டுவான்.

சுவர் முதுகுப் பக்கம் வரும்படி, டி.எம்.முக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார். உலோக டைஸ் மர மேசையில் விழும் சத்தம் உனக்கு ஆகாது. எல்லோரையும் மாற்றச் சொல்ல முடியாது, நடுவில் ஒரு தாம்பாளம் வைத்து உள்ளே துண்டை மடித்துப் போடச் சொல். துண்டில்லாமல் எவர்சில்வர் தட்டில் உருட்டினால் அதைவிடக் கொடுமை, மச்சில் பார்த்தோமே.

சண்டையில் உனக்குக் கஷ்டம் வராது, யாருக்குப் பின் யார் என்ற இனிஷியேட்டிவ் வரிசை இருக்கிறது. வரிசை இல்லாத இடத்தில்தான் சிக்கல். ஊருக்குள் போய்ச் சத்திரக்காரனிடம் பேச்சுக் கொடுக்கிற காட்சியில் குரல் பெரிதாக உள்ளவனே பேசிக்கொண்டிருப்பான். காட்சிக்கு ஒரு முறையாவது ஆள் ஆளாக 'நீ என்ன செய்கிறாய்' என்று கேட்டுவரச் சொல். பேச வேண்டும் என்றால் ஓர் அட்டையை நிமிர்த்தி வைப்பேன் என்று சொல்லிவிடு. குரல் மாற்றி நடிக்க வேண்டியதே இல்லை. 'என் வீரன் காவலாளியிடம் வழி கேட்கிறான்' என்று சொன்னால் போதும், அதுவும் ஆட்டம்தான். இதற்கு ஒருத்தன் சிரித்தால் அன்றோடு வந்துவிடு.

புது மேசையில் பாடிப் பேசுகிற பார்டு பாத்திரம் எடுக்காதே, எல்லோரும் உன் வாயையே பார்ப்பார்கள். ஐந்தாம் நிலை மந்திரவாதி, விசார்டு, என்றால் ஒன்பது மந்திரமாவது கையில் இருக்கும், ஒவ்வொரு முறையும் ஒன்பதையும் புரட்ட வேண்டும். ஆயுதம் மட்டும் வீசுகிற சாம்பியன் ஃபைட்டர் எடு. ஓர் அட்டையில் மூன்று வரி எழுதிவை: பக்கத்து எதிரியை அடிப்பது, அடிபட்ட நம் ஆளுக்கு முன்னால் போய் நிற்பது, ஆறு கட்டம் பின்வாங்குவது. ஒன்றும் ஓடாத நேரத்தில் முதல் வரி. மாதக்கணக்கில் நீளும் முழு கேம்பெயினுக்கு ஒப்புக்கொள்ளாதே, ஒரே உட்காரலில் முடியும் ஒன்-ஷாட் ஒன்று ஆடிப் பார். மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். மறுநாள் காலை ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதே.

உன் பக்கத்துக் குறையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. விதி தப்பாகப் போனால் உனக்குப் பொறுக்காது. நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும், பக்க எண்ணும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நடு ஆட்டத்தில் மூன்றாவது தடவை சொல்லும்போது டி.எம்.முக்கு விதி கேட்காது, தன்னை மட்டம் தட்டுகிறான் என்றுதான் கேட்கும். ஒரு தடவை, ஒரு வாக்கியம், பிறகு அவன் தீர்ப்பு. மீதியை ஆட்டம் முடிந்தபின் எழுது. இதைவிட நல்ல வழி, முதல் நாளே வேலை கேட்டு வாங்கிக்கொள். இனிஷியேட்டிவ் வரிசையை நான் பார்க்கிறேன், புதையல் கணக்கை நான் எழுதுகிறேன், விதி தேட வேண்டுமானால் என்னைக் கேளுங்கள் என்று சொல். டி.எம்.முக்கு அது பெரிய ஒத்தாசை. கையில் வேலை இருந்தால் வெட்டிப் பேச்சு நேரத்திலும் உனக்கு ஓர் இடம் இருக்கும், நீ வாய் திறந்தால் அது குறுக்கீடாகவும் தெரியாது. கணக்கு நோட்டை நீ வைத்திருந்த காலத்தில் மச்சில் ஒரு செப்புக் காசு தப்பினதில்லை.

ஆட்டிசம் என்ற சொல்லைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொல்லாமலே தேவையைச் சொல்லலாம். 'முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிடம் வேண்டும். முகத்தைப் பார்க்காமல் பேசுவேன், கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். சத்தம் கூடினால் ஐந்து நிமிடம் வெளியே போய் வருவேன், யாரும் பின்னால் வர வேண்டாம்.' மூன்று வாக்கியம். அதற்கு மேல் யாருக்கும் நீ கடன்படவில்லை. சொல்வதென்றாலும் நீதான் சொல்ல வேண்டும், உன் வாயால்.

'என் கேரக்டர் அப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டு உன் பையிலிருந்தே திருடுகிறவன் இருக்கும் மேசை வேண்டாம். அது சுலபமாகத் தெரிந்துவிடும். தெரியாத வகை ஒன்று இருக்கிறது. எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள். உன்னிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார்கள். உன் பக்கம் வரும் பூதம் மட்டும் நோஞ்சானாக இருக்கும். நீ யோசிப்பதற்குள் ஒருத்தர் உனக்காக டைஸை உருட்டிவிடுவார். நீ தப்பாக ஆடினாலும் 'சூப்பர்' என்பார்கள். உன்னைப் பற்றி யாரோ முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான்தான் சொன்னேன்.

மாசி மாதம். ராத்திரி நேரமானால் கூப்பிட என்று நீ கொடுத்த, உன் சனிக்கிழமை மேசைப் பையன் நம்பர். அந்தப் பையனுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். நாற்பத்திரண்டு வரி, இன்னும் போனில் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். முகம் பார்க்க மாட்டான், கேலி புரியாது, சத்தம் ஆகாது, முதல் சில வாரம் அவனை ஜெயிக்க விடுங்கள். ஒன்பது வயதில் டாக்டர் எழுதித் தந்த காகிதத்தைப் போட்டோ எடுத்தும் அனுப்பினேன். 'நோக்கிக்கோளாம் ஆன்ட்டி' என்று பதில் வந்தது, கும்பிடு பொம்மையோடு. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மச்சு ஆட்டத்தில் கிணற்றுப் பூதத்தை ஓர் அடிகூட வாங்காமல் முடித்தவன் நீ என்று அதில் ஒரு வரி இல்லை. டேமியன் மில்டன் என்ற ஆட்டிசக்காரர் 2012இல் எழுதியதை நீதான் எனக்கு அனுப்பியிருந்தாய். புரியாமை இரண்டு பக்கமும் உண்டு, ஒரு பக்கத்து ஊனம் மட்டும் இல்லை என்று. 'எவ்வளவு உண்மை' என்று பதில் போட்டேன். போட்டுவிட்டுத்தான் அந்தப் பையனுக்கு நாற்பத்திரண்டு வரியும் எழுதினேன்.

பங்குனியிலிருந்து நீ சனிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத் தைரியமில்லாமல்தான் மேலே இத்தனையும் எழுதியிருக்கிறேன். எழுதினதெல்லாம் சரிதான், அடித்துவிட மனசு வரவில்லை.

அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மச்சுக்குப் போய் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நம்பரை அழித்துவிட்டேன். ராத்திரி நேரமானால் நீயே ஒரு வரி போடு, போடாவிட்டாலும் இனி யாரையும் கேட்க மாட்டேன். கேட்காமலிருக்கப் பழகுகிறேன்.

வெள்ளிக்கிழமை பெரியத்தான் பாலருவி ரயிலில் எர்ணாகுளம் வருகிறார். புதுக் காதடைப்பானும் நேந்திரங்காய் வற்றலும் கொடுத்தனுப்புகிறேன். டைஸ் பையில் மற்ற ஆறும் இருக்கின்றன, நீல இருபது முக டைஸை மட்டும் தனியாக எடுத்துத் துடைத்துவைத்திருக்கிறேன். பையை அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? போன் பண்ண வேண்டாம். வேண்டும், வேண்டாம், இரண்டில் ஒன்றை வியாழக்கிழமைக்குள் போட்டால் போதும்.

அம்மா