நாய் குரைத்தால் ஆள் கள்ளனா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரக் கடிதப் பக்கத்தில் ஒரு வாசகர், வேலைக்கு ஆள் பிடிக்கும்போது வீட்டு நாய் அந்த ஆளிடம் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள், நல்லவர் யார் கெட்டவர் யார் என்று அதற்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் எங்கள் ஒழுங்கையில் இதே கதையைச் சொல்லித்தான் போன மாதம் ஒரு பெடியனைக் கள்ளனாக்கினார்கள்.

அவன் வன்னியிலிருந்து மதில் வேலைக்கு வந்தவன். நான்காம் நாள் அந்த வீட்டில் தண்ணீர் இறைக்கிற மோட்டரைக் காணவில்லை. "வந்த நாள் தொடக்கம் எங்கட நாய் அவனைக் கண்டால் விடாமல் குரைச்சது, அப்பவே யோசிச்சனான்" என்று வீட்டுக்கார அம்மா சொல்ல, சுற்றி நின்றவர்களும் தலையாட்ட, பெடியன் கூலியைக்கூட முழுதாக வாங்காமல் பஸ் ஏறிவிட்டான். மோட்டரை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றிரவு அந்த நாய் குரைத்ததாக அயலில் ஒருவரும் சொல்லவில்லை. அதைப் பற்றி யோசிக்க அங்கே யாருக்கும் விருப்பமும் இல்லை.

நாய் குரைப்பது உன்னை எனக்குத் தெரியாது என்பதற்காக, பல நேரம் பயத்திலும். அவ்வளவுதான். குட்டி பிறந்து மூன்று கிழமையிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு கிழமை வரைக்கும் எந்த மாதிரி மனிதர்களைக் கண்டு பழகுகிறதோ அவர்கள்தான் அதற்குச் சாதாரண மனிதர்கள், மற்றவர்களெல்லாம் பிறகு பழக வேண்டியவர்கள். முன்பு எங்கள் வீடுகளுக்குக் கிடுகு வேலியும் படலையும் இருந்தன, குட்டி வேலிப் பொட்டுக்குள்ளால் மூக்கை நீட்டி மீன்காரர், தபால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒழுங்கையில் போகிற எல்லோரையும் மணந்துகொண்டே வளர்ந்தது. இப்போது வெளிநாட்டுக் காசில் ஆறடி மதிலும் தகரம் அடித்த கேற்றும் வந்துவிட்டன, உள்ளே வளர்கிற குட்டிக்குக் கேற்றின் கீழால் போகிற கால்கள் மட்டும்தான் தெரியும். அப்புறம் பெரிதானதும் ஆளைக் கண்டால் துள்ளாமல் என்ன செய்யும்?

என் தம்பியையே ஹெல்மெட்டோடு வந்தால் எங்கள் நாய்க்குத் தெரியாது. பாய்ந்து குரைக்கும், கிட்ட வந்து மணம் பிடித்ததும் காதை மடக்கிக்கொண்டு வாலைக் கீழே போட்டு ஆட்டும், வெட்கப்படுகிற மாதிரியே இருக்கும். நமக்கு மணம் அறிகிற கலங்கள் ஐம்பது அறுபது இலட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கு மேல். ஆனால் காற்று மறுபக்கம் அடித்தால் அந்த மூக்கும் உடனே உதவாது, கண்ணுக்குத் தெரிகிற உருவத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதில் எங்கள் ஐயாவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யுத்தத்துக்குப் பயந்து ஊரே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாயை விட்டுவிட்டுத்தான் போனோம், கொண்டுபோக வழியில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அது எலும்பும் தோலுமாக முற்றத்தில் நின்றது, எங்களைக் கண்டு உறுமியது, முன்னால் நடந்த ஐயாவை உள்ளே விடவே இல்லை. ஐயா மெலிந்து தாடி வளர்த்திருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் மண்ணில் குந்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையைத் தொங்க விட்டார். அது சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கையை மணந்து, பிறகு போட்ட சத்தம் இருக்கிறதே, அதைக் குரைப்பு என்று சொல்ல முடியாது. சரி, முதலில் உறுமியது ஐயா கெட்டவர் என்றா?

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் இரவில் குரைப்பு எந்த ஒழுங்கையால் நகர்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தவர்கள் நாங்கள். அப்போது தெரியாத ஆள் என்றால் ஆபத்து. நாய் சொன்னது தெரியாத ஆள் என்பதை மட்டும்தான், ஆபத்து என்பதைச் சேர்த்துக்கொண்டது நாங்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

2022இல் பெல்பாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்களை 9000இலிருந்து பதினேழு பதினேழாகக் குறைத்துப் பின்னோக்கி எண்ண விட்டு, அந்தப் பதற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த வியர்வையையும் மூச்சையும் நான்கு நாய்களுக்கு மணக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டின. பதற்றப்படுகிறவரைக் கண்டு குரைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, ஆனால் பயந்த ஆளின் மணம் அதற்கு எட்டுகிறது. முதல் நாள் வேலைக்கு வந்து, பல்லைக் காட்டுகிற நாய்க்கு முன்னால் நிற்கிற பெடியன் வியர்க்காமல் இருப்பானா? தபால்காரரோ தினமும் வருகிறார், இது குரைக்கிறது, அவர் போகிறார். தான் துரத்தித்தான் அவர் போனார் என்று பழகிய நாய் நாளைக்கும் குரைக்கத்தானே செய்யும்.

நாய் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று. விறாந்தையில் இருந்தபடி "ஒண்டும் செய்யாது, வாங்கோ தம்பி, வால் ஆட்டுது தானே" என்று கூப்பிடாதீர்கள். 2007இல் இத்தாலியில் செய்த ஆய்வில், வீட்டுக்காரரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், முரட்டு அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கமும் சாய்ந்து ஆடியது. எல்லா ஆட்டமும் வரவேற்பு இல்லை. எழும்பிப் போய் நாயைப் பிடியுங்கள். வருகிறவரும் ஓடாமல், கண்ணுக்குள் பார்க்காமல், பக்கவாட்டில் நின்றால் போதும். கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த வீட்டு மதில் இப்போது கட்டி முடிந்துவிட்டது, வேறு ஆட்கள் வந்து முடித்தார்கள், நாய் அவர்களையும் குரைத்தது. பெடியனின் மிச்சக் கூலி மட்டும் இன்னும் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோண்டாவில்.