உறக்கத்திலும் கரையும் பேட்டரி: கையடக்க கேமிங் கணினி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கையடக்க கேமிங் கணினிகளின் வன்பொருள், பயாஸ், டிரைவர் வேலைகளைப் பார்க்கும் பொறியாளர்களுக்கும், எது எப்போது கடைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சாதனம் ஸ்லீப்பில் இருக்கும்போது எத்தனை மில்லிவாட் எடுக்கிறது என்று அளந்து, அந்த எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். எண் மோசமாக இருந்தால், அது சரியாகும்வரை சாதனத்தை விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

பவர் பட்டனைத் தட்டினால் விளையாட்டு அப்படியே நிற்க வேண்டும். மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும். கையடக்கக் கருவிக்கு உயிர்நாடியே அதுதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம், மதிய உணவு இடைவேளை, குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கும் அரை மணி என்று துண்டு துண்டாகக் கிடைக்கிற நேரத்தில் விளையாடுகிறவர்கள் நாங்கள். 2004இல் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஸை மூடினால் அது தூங்கும், திறந்தால் விழிக்கும். 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் வந்தபோது, பெரிய பிசி விளையாட்டுகளையும் அப்படி நிறுத்தித் தொடரலாம் என்பதே பலரை அதன் பக்கம் இழுத்தது. நானும் அந்த வசதிக்காகத்தான் இந்த வகைச் சாதனத்துக்கு வந்தேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்தச் சாதனங்களில் பலவற்றில் இருப்பது 40 வாட்-மணி பேட்டரி. உறக்கத்தில் 1 வாட் போனால், இரவு பத்து மணிக்கு வைத்ததைக் காலை எட்டு மணிக்கு எடுக்கும்போது 10 வாட்-மணி காணாமல் போயிருக்கும். அதாவது கால்வாசி பேட்டரி. இரண்டு நாள் தொடாமல் விட்டால் மொத்தமும் காலி. அதே சாதனம் 0.2 வாட்டில் அடங்கினால் ஓர் இரவுக்கு 5 சதவீதம்தான் இறங்கும். எட்டு நாள் தாங்கும். உறக்கத்தில் நினைவகத்தை உயிரோடு வைத்திருக்க மட்டும் ஆகும் செலவு 1 வாட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே 1 வாட் போகிறதென்றால், தூங்க வேண்டிய ஏதோ ஒன்று உள்ளே விழித்திருக்கிறது என்றுதான் பொருள்.

இந்தக் கசிவாவது மெதுவாக நடக்கிறது. இதைவிட மோசமானது, பைக்குள் இருக்கும்போதே சாதனம் தானாக விழித்துக்கொள்வது. உறையைத் திறந்து கை வைத்தால் பின்பக்கம் கொதிக்கும். காற்றுப் போக வழியில்லாத இடத்தில் விசிறி முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும். திரையில் போன வாரம் நிறுத்திய விளையாட்டின் மெனு மின்னிக்கொண்டிருக்கும். சார்ஜ் போனதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. அந்தச் சூட்டில் குறையும் ஆயுளை எந்தச் சார்ஜரும் திருப்பித் தராது.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணினியின் மின் நிலைகளை இயங்குதளம் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் பொது வரையறை ஏசிபிஐ. 1996இல் வெளியான அதில் எஸ்3 என்ற உறக்கநிலை உண்டு. அதில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும். பிராசஸர் உட்பட மற்ற அநேகமாக எல்லாமும் அணையும். அணைக்கும் பொறுப்பை, கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் ஏற்றுக்கொள்ளும். பிறகு 2012இல் விண்டோஸ் 8 ‘கனெக்டட் ஸ்டேண்ட்பை’ என்ற முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10இல் அது ‘மாடர்ன் ஸ்டேண்ட்பை’ ஆனது. போன்போல நொடியில் விழிக்க வேண்டும், தூக்கத்திலும் மின்னஞ்சல் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். இதில் கணினி உண்மையில் அணைவதில்லை. ஓடும் நிலையிலேயே இருந்துகொண்டு, ஒவ்வொரு பாகமும் தானாக அடங்கும்வரை காத்திருக்கிறது. எல்லாம் அடங்கினால்தான் சிப் தன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். லினக்ஸில் இதற்கு ‘எஸ்2ஐடில்’ என்று பெயர். இன்று பல புதிய சாதனங்களின் பயாஸில் எஸ்3 இல்லவே இல்லை. இருப்பது இது ஒன்றுதான்.

வீட்டில் ஒருவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தாலும் கூடத்து விளக்கை அணைக்க முடியாதல்லவா, அதே கதைதான் இங்கேயும். வைஃபை சிப், சேமிப்பகமான எஸ்எஸ்டி, எஸ்டி கார்டு ரீடர், கன்ட்ரோலரைப் பிணைக்கும் யுஎஸ்பி ஹப் ஆகியவற்றில் ஒன்று அடங்க மறுத்தாலும் மொத்த சிப்பும் அரைத்தூக்கத்திலேயே இரவைக் கழிக்கும். திரை இருட்டாக இருக்கும், விளக்கு மெல்ல மினுக்கும், தூங்குகிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருப்போம்.

எஸ்எஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உறக்கத்தின்போது என்விஎம்இ எஸ்எஸ்டியை முழுக்க மின் துண்டிப்பு நிலைக்குக் கொண்டுபோகலாம் என்று இயங்குதளத்துக்குச் சொல்ல, பயாஸின் ஏசிபிஐ அட்டவணையில் ‘ஸ்டோரேஜ் டி3 எனேபிள்’ என்று ஒரு குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பை எழுத மறந்த கணினிகள் கடைக்கு வந்தன. அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் விட்டுப்போன அந்தக் குறிப்புக்குத் தங்கள் பக்கம் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சிறு குறிப்பு இல்லாத குறையை ஆயிரக்கணக்கானோர் ‘பேட்டரி சரியில்லை’ என்று நினைத்துச் சுமக்கிறார்கள். இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க ஆய்வகம் தேவையில்லை. அனுப்புவதற்கு முன்பு ஓர் இரவு மேசையில் தூங்க வைத்து, சாதனம் தானே எழுதிவைக்கும் பதிவைக் காலையில் படித்திருந்தால் போதும்.

பேட்டரி, பட்டன் போன்றவற்றைக் கவனிக்கும் சிறு சிப்பான எம்பெடட் கன்ட்ரோலர் இன்னொரு இடம். பேட்டரி அளவு ஒரு படி மாறும்போதெல்லாம் அது பிராசஸரைத் தட்டி எழுப்பிச் சேதி சொல்லும்படி எழுதப்பட்டிருந்தால், தூக்கம் இரவு முழுக்கத் துண்டு துண்டாக உடையும். சார்ஜ் இறங்குவதைச் சொல்ல எழுந்து, எழுந்ததாலேயே இன்னும் கொஞ்சம் இறங்கும். ஏஎம்டியின் ஒரு தலைமுறைச் சிப்களில் உள்கட்டமைந்த விசைப்பலகை அனுப்பும் குறுக்கீட்டுச் சமிக்ஞை தேவையில்லாமல் எழுப்பிவிடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த வழியை வன்பொருளை இயக்கும் லினக்ஸ் டிரைவரிலேயே அடைத்தார்கள். அடைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் அது பயாஸிலேயே சரியாக இருந்திருக்க வேண்டியது.

என் சாதனத்தில் குற்றவாளி எஸ்டி கார்டு. கார்டு செருகியிருந்தால் இரவில் சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. உருவிவிட்டுத் தூங்க வைத்தால் அடங்கிவிடுகிறது. சதவீதத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்த எண் முரட்டுத்தனமானது. லினக்ஸில் பேட்டரியின் மீதி ஆற்றலை மைக்ரோவாட்-மணியில் காட்டும் ஒரு கோப்பு உண்டு. தூங்குமுன் ஒருமுறை, விழித்ததும் ஒருமுறை அதைப் படித்துக் கழித்து, மணிக்கணக்கால் வகுத்தால் சராசரி வாட் கிடைத்துவிடும். கெர்னல் பதிவிலும் ஒரு வரி இருந்தது: கடைசி சஸ்பெண்ட், அதாவது உறக்கம், மிக ஆழமான நிலையை எட்டவில்லை. ஏஎம்டியின் டிரைவரே அதை எழுதியிருக்கிறது. சாதனத்துக்குத் தன் நோய் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்ல மட்டும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

விண்டோஸிலும் இந்தத் தகவல் இருக்கிறது. ‘ஸ்லீப் ஸ்டடி’ அறிக்கையை எடுத்தால் ஒவ்வொரு உறக்கமும் எவ்வளவு நேரம், எவ்வளவு ஆற்றல் போனது, அதில் எத்தனை சதவீத நேரம் வன்பொருள் ஆழ்ந்து இருந்தது, தூங்கவிடாமல் செய்தவை எவை என்று வரிசையாக வருகிறது. லினக்ஸின் புதிய கெர்னல்கள், கடைசி உறக்கத்தில் வன்பொருள் உண்மையில் ஆழத்தில் இருந்த நேரத்தைத் தனியாகவே காட்டுகின்றன. எட்டு மணி நேரத் தூக்கத்தில் அந்த நேரம் சுழியம் என்று வந்தால் அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? ஆனால் இந்த அறிக்கைகள் கட்டளை வரியில் ஒளிந்திருக்கின்றன. விளையாடுவதற்காக வாங்கியவர் அங்கே போகமாட்டார். போகச் சொல்வதும் நியாயமில்லை. விழித்ததும் திரையின் மூலையில் ‘உறக்கத்தில் 9 சதவீதம் செலவானது, காரணம் கார்டு ரீடர்’ என்று ஒரு வரி காட்டினால் போதும்.

இந்தப் பதிவுகளையெல்லாம் இணைத்து ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லிப் பதில் வந்தது. செய்தேன், மாறவில்லை. அடுத்த பதில், உபயோகிக்காதபோது ஷட்டவுன் செய்து வையுங்கள் என்பது. எழுதிய ஊழியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருப்பது உறக்கநிலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத வழிகாட்டிப் புத்தகம். பதிவைப் படிக்கத் தெரிந்த ஒரு பொறியாளரிடம் அதைத் தள்ளிவிட அவருக்கு வழி வைத்துக்கொடுங்கள். நான் கேட்பது அதைத்தான்.

பெரிய பேட்டரி வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2023இல் 40 வாட்-மணியோடு வந்த ‘ஆர்ஓஜி அலை’ என்ற கையடக்கக் கணினி, 2024இல் ‘எக்ஸ்’ வடிவத்தில் 80 வாட்-மணியானது. விளையாடும் நேரத்துக்கு அது நல்ல செய்தி. ஆனால் எந்தச் சாதனமானாலும் பேட்டரியைப் பெருக்குவது கசிவை மறைக்கும், அடைக்காது. எடை கூடும், விலை கூடும், 1 வாட் 1 வாட்டாகவே போய்க்கொண்டிருக்கும்.

ஹைபர்னேட் இருக்கிறதே என்பது இன்னொரு பதில். நினைவகத்தை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுக்க அணைவது நல்ல காவல்தான். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிய பிறகு தானாக அதற்கு மாறும்படி வையுங்கள், அந்த நேரத்தை நாங்களே மாற்றிக்கொள்ள அமைப்பில் இடம் கொடுங்கள். ஆனால் அதையே முதல் மருந்தாக்காதீர்கள். 16 ஜிபி நினைவகத்தை எழுதிப் படிக்க நேரமாகும். திரும்பி வரும்போது சில விளையாட்டுகள் குழம்பி விழும். லினக்ஸில், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் போட்டு கெர்னல் பூட்டப்பட்டிருந்தால் ஹைபர்னேட்டே கிடைக்காது.

வெளியாட்களால்கூட முடிந்த வேலை இது. பைன்ஃபோன் என்ற லினக்ஸ் போனில் இருப்பது ஆல்வின்னர் ஏ64 சிப். அதன் மூலையில் ஓப்பன்ரிஸ்க் வகைச் சின்னஞ்சிறு பிராசஸர் ஒன்று உண்டு. ஆர்வலர்கள் ‘கிரஸ்ட்’ என்ற ஃபர்ம்வேரை, அதாவது சிப்பிலேயே ஓடும் மென்பொருளை, அதற்காக எழுதினார்கள். பெரிய கோர்கள் அணைந்திருக்க, அந்தச் சிறியது மட்டும் காவல் இருக்கிறது. அழைப்பு வந்தால் மோடம் அதன் வழியாகப் போனை எழுப்புகிறது. அதற்கு முன் சில மணி நேரத்தில் காலியான போன், அதன் பிறகு ஒரு நாளைக் கடத்தும் அளவுக்கு வந்தது. சம்பளம் இல்லாமல், பாதி ஆவணங்களை வைத்துக்கொண்டு செய்தார்கள். உங்களிடம் முழு ஆவணமும் மின்சுற்று வரைபடமும் சிப் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

எண்ணை அச்சிடச் சொல்வதும் புதிய கோரிக்கை இல்லை. வீட்டு, அலுவலக மின்கருவிகள் காத்திருப்பு நிலையில் அரை வாட்டைத் தாண்டக் கூடாது, தகவல் திரை காட்டுபவை என்றால் 1 வாட் (2025 மே முதல் 0.8 வாட்) என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதலே வரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் ஸ்மார்ட்ஃபோன்களும் டேப்லெட்களும் ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை லேபிளில் காட்டியாக வேண்டும். கையடக்க கேமிங் கணினிக்கு அந்த லேபிள் இன்னும் வரவில்லை. சுவரில் செருகிய டிவிக்கே அரை வாட்டுக்கு மேல் கூடாது என்றால், பேட்டரியில் ஓடும் கைக்கருவி தூக்கத்தில் 1 வாட் எடுப்பதை எப்படி ஒப்புக்கொள்வது? சட்டம் வரும்வரை காத்திராமல் நீங்களே முந்திக்கொள்ளலாம்.

அளக்கும்போது எங்கள் வீட்டில் இருப்பதுபோல அளந்துவிடுங்கள். ஒரு பெரிய விளையாட்டு பாதியில் நிற்கட்டும், எஸ்டி கார்டு செருகியிருக்கட்டும், வைஃபை இணைந்திருக்கட்டும், புளூடூத் இயர்போன் ஜோடி சேர்ந்திருக்கட்டும். பத்து மணி நேரம் விட்டு, சராசரி மில்லிவாட்டைக் குறியுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுத்த அழகான எண் எங்களுக்கு உதவாது. ஒவ்வொரு பயாஸ் மேம்படுத்தலுக்குப் பிறகும் திரும்ப அளந்து, மாற்றக் குறிப்பில் அந்த எண்ணையும் எழுதுங்கள். ஒரு மேம்படுத்தலில் நன்றாகத் தூங்கிய சாதனம் அடுத்ததில் கெட்டுப்போவதை நாங்கள் மாதக்கணக்கில் சகிக்கிறோம்.

எழுப்பும் உரிமையைப் பவர் பட்டனுக்கு மட்டும் கொடுங்கள். ஸ்டிக் அசைந்தாலோ, திரையில் துணி உரசினாலோ, சார்ஜரைப் பிடுங்கினாலோ விழிக்கத் தேவையில்லை. பட்டனிலேயே கைரேகை சென்சார் இருந்தால், அழுத்தாமல் வெறுமனே விரல் பட்டதற்கு அது எழ வேண்டாம். வேண்டுமென்பவர்கள் அமைப்பில் போய்த் திறந்துகொள்ளட்டும்.

பழைய மாடல்களையும் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே விற்ற சாதனத்துக்கு ஆதரவை நிறுத்துமுன் தருகிற கடைசி பயாஸில், எஸ்எஸ்டி குறிப்பும் எம்பெடட் கன்ட்ரோலர் திருத்தமும் கட்டாயம் இருக்கட்டும். சிப்பும் போர்டும் எஸ்3ஐத் தாங்குமானால் அதையும் ஒரு தேர்வாகத் திறந்துவிடுங்கள். பதிவுகள் வேண்டுமென்றால் கேளுங்கள். கார்டோடும் கார்டு இல்லாமலும் எடுத்தவை இரண்டும் என்னிடம் இருக்கின்றன, உங்கள் பொறியாளர் கேட்கும் வடிவத்திலேயே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சாதனத்தைத் தினமும் கையில் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர்