இராயக்கோட்டை ஓவியத்தை நம் மக்களும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கோட்டைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஹைதர் அலி, திப்பு சுல்தான், கிழக்கிந்தியக் கும்பெனிப் படை என்ற அளவில் நின்றுவிடுகிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் சீமை கும்பெனியிடம் வந்த அதே ஆண்டில், தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் இவ்வழியே பயணம் செய்து இராயக்கோட்டை, ஜெகதேவி, ஓசூர் ஆகிய இடங்களை வரைந்தனர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. மலைக்காட்சி ஓவியத்தில் பெரும்புகழ் பெற்ற டர்னர் ஆல்ப்ஸ் மலையை முதன்முதலில் பார்த்ததே 1802இல்தான். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நம் பாறைமலைகள் ஓவியத்தாளில் ஏறிவிட்டன என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அவர்கள் வேலை செய்த விதமும் அறியத்தக்கது. மலையின் வடிவத்தை நேரில் பார்த்துப் பென்சிலால் வரைந்து, நீரில் கரைத்த மெல்லிய வண்ணத்தைப் பூசினர். வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளை பூசாமல் தாளின் வெண்மையையே விட்டுவைப்பது நீர்வண்ணக் கலையின் அடிப்படை. லண்டன் திரும்பியபின், செப்புத் தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசின் பொடியைத் தூவிச் சூடேற்றி ஒட்டவைத்து, பொடியின் இடுக்குகளை அமிலம் அரிக்கும்படி செய்து, அந்தத் தகட்டிலிருந்து அச்செடுத்துக் கையால் வண்ணம் தீட்டினர். அக்வாடிண்ட் எனப்படும் இம்முறையில் 1795 முதல் 1808 வரை, இம்மலைகள் உட்பட இந்தியக் காட்சிகளைக் காட்டும் 144 படங்கள் வெளிவந்தன. நீர்வண்ணத்தின் மென்மையை அச்சிலும் கொண்டுவர அக்காலத்தில் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் கருத்து.

அப்படங்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இராயக்கோட்டை மலையடிவாரத்திலும் அவற்றின் தரமான பெரிய அளவுப் பிரதிகளைத் தமிழ் விளக்கத்துடன் வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும். அவற்றை அச்சிடும்போது வண்ணங்களைக் கண்ணைப் பறிக்கும்படி கூட்டிவிடாமல், மூலத்தில் உள்ள மங்கலான சாயலிலேயே விட்டுவைப்பது மிகவும் அவசியம். ஓவிய ஆசிரியர்கள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, படத்தையும் மலையையும் ஒருசேரப் பார்த்து வரையச் செய்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
இராயக்கோட்டை.