அடி உப்பிய தோட்டா ஓடுகள்

மண்டபம்

அன்புள்ள மாப்ள ஜபருக்கு,

கடிதமும் படங்களும் வந்தன. இங்கே எல்லோரும் நலம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்வருகின்றன, கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது, மீன் விலைதான் இறங்கின பாடில்லை. ஊர்ச் சேதி இவ்வளவே. உன் ஓடுகளுக்கு வருகிறேன்.

மறுபடி நிரப்பிச் சுடுவதற்காகத் துப்பாக்கி மைதானத்தில் பொறுக்கிய 9 மி.மீ. பித்தளை ஓடுகளில் சில, டையில் (ஓட்டைப் பழைய அளவுக்கு இறுக்கும் அச்சில்) போட்டு எடுத்த பிறகும் சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் குழியில்) இறங்கவில்லை, டையை இன்னும் கீழே இறக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இறக்க இடமே இல்லை. ஓட்டை டைக்குள் தள்ளும் பிரஸ்ஸில், ஷெல் ஹோல்டர் என்ற பிடி ஓட்டின் அடியைப் பிடித்திருக்கும் உயரம் 0.125 அங்குலம், அதாவது சுமார் 3.2 மி.மீ. அதற்கு மேல்தான் டை தொடங்கும். டைக்குள் இருக்கும் கடினமான கார்பைடு வளையத்தின் வாயும் ஓடு சுலபமாக நுழையட்டும் என்று உருட்டி விடப்பட்டிருக்கும். ஆக, டை ஹோல்டரில் முட்டினாலும் அடியில் ஒரு பட்டை தொடப்படாமலே நிற்கும். உப்பல் குடியிருப்பதே அந்தப் பட்டையில்தான்.

அது உப்பக் காரணம் இரண்டு. சில பிஸ்டல்களில் ஃபீட் ராம்ப் (தோட்டா சேம்பருக்குள் ஏறும் சரிவு) சேம்பரின் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் தின்றிருக்கும். அங்கே பித்தளைக்குப் பின்னால் சுவர் இல்லை, அழுத்தம் ஏறும்போது வெளியே தள்ளிக்கொள்ளும். பழைய க்ளாக் .40 பிஸ்டல்கள் இதற்குப் பேர் போனவை. இன்னொன்று, ப்ளோபேக் கார்பைன்கள், அதாவது ஓட்டைப் பின்னாலிருந்து தாங்கும் போல்ட் பூட்டப்படாத குட்டை ரைஃபிள்கள். அவற்றில் அழுத்தம் முழுதாக அடங்கும் முன்பே போல்ட் பின்னே நகரத் தொடங்கும், ஓட்டின் அடி வெளியே எட்டிப் பார்க்கும்போதே உப்பிவிடும். போட்டிகளில் கார்பைன் ஆட்கள் பெருகியிருப்பதால் பொறுக்கும் ஓடுகளில் இந்த ரகமும் பெருகத்தான் செய்யும்.

ஆனால் நீ அனுப்பிய படங்களில் இருப்பது ஒரே நோய் இல்லை. சேம்பரில் சிக்குவதற்கெல்லாம் அடி உப்பல்தான் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதே. எங்கே சிக்குகிறது என்று ஓட்டையே சொல்ல வை. பிஸ்டலைக் காலி செய்து பேரலைத் தனியே கழற்று. சிக்குகிற தோட்டா முழுவதும் கறுப்பு மார்க்கர் பூசி, பேரலுக்குள் போட்டு, விரலால் லேசாக அழுத்தி ஒரு சுற்று சுற்றி எடு. குண்டின் தோளில் மை அழிந்திருந்தால் மொத்த நீளம் அதிகம். ஓட்டின் வாயில் அழிந்திருந்தால் கிரிம்ப் (வாயைக் குண்டோடு சேர்த்து மூடுவது) போதவில்லை. நடுவில் அழிந்திருந்தால் குண்டு கோணலாக இறங்கியிருக்கிறது. அடியில் அழிந்திருந்தால் மட்டுமே நாம் பேசுகிற உப்பல். நல்ல தோட்டா தன் எடையிலேயே 'டக்'கென்று விழும், தடையில்லாமல் சுற்றும், பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே வரும்.

கேஜில் (அளவு பார்க்கும் துளைக் கட்டையில்) இறங்காமல் பேரலில் மட்டும் சரியாக விழுகிற ஓடுகள் இருக்கும். அவற்றைத் தலைகீழாக, அடி முதலில் போகும்படி கேஜுக்குள் விட்டுப் பார். விளிம்பு நுழையவில்லை என்றால் சுட்ட ஓட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கிளப்பிவிட்ட பிசிறுதான் குற்றவாளி. சின்ன அரத்தால் ஒரு தடவு தடவினால் தீர்ந்தது.

உன் மூன்றாவது படத்தில் வாய்க்குச் சற்றுக் கீழே ஒரு வளையம் தெரிகிறது. அது துப்பாக்கியில் வந்ததில்லை, உன் பிரஸ்ஸில் வந்தது. குண்டை இறக்குவதையும் கிரிம்ப் செய்வதையும் ஒரே டையில் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். குண்டு கீழே போய்க்கொண்டிருக்கும்போதே வாய் அதை இறுக்கிக் கடித்தால் சுவர் மடங்கிப் பிதுங்கும். இரண்டையும் இரண்டு நிலையாகப் பிரி. கிரிம்ப் என்பது வாயை விரித்ததைத் திரும்ப மூடுவதற்கு மட்டும். ஈயத்தின்மேல் செம்பு உறையிட்ட 0.355 அங்குல ஜாக்கெட் குண்டுக்கு வாய் விட்டம் 0.377 முதல் 0.378 அங்குலம் வந்தால் போதும். அதற்கு மேல் நசுக்கினால் பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும், ஈயம் விரியாது. பிடிப்புக் கூடுவதற்குப் பதில் குறைந்துபோகும். பிடிப்பு குறைந்த குண்டு ராம்பில் மோதி உள்ளே போனால் அழுத்தம் எகிறும். சந்தேகம் இருந்தால் தோட்டாவின் நீளத்தை அளந்து, குண்டின் மூக்கை மேசை விளிம்பில் கட்டை விரலால் அழுத்தி, மறுபடி அள. நீளம் குறையக் கூடாது.

இனி அடி உப்பல். .40 ஓடு ஏறக்குறைய நேர்குழாய்: அடி 10.77 மி.மீ., வாய் 10.74 மி.மீ. அதனால் ஓட்டை முழுவதுமாக டைக்குள் ஊடுருவித் தள்ளி மறுபக்கம் எடுக்க முடிகிறது. ரெட்டிங் ஜி-ஆர்எக்ஸ், லீ பல்ஜ் பஸ்டர் எல்லாம் இந்த வேலைக்குத்தான். 9 மி.மீ. அப்படி இல்லை. அடி 9.93, வாய் 9.65. மேலே குறுகும் ஓடு என்பதால் அதன் சொந்த கார்பைடு கிரிம்ப் டைக்குள் அடி போகாது. 9 மி.மீ.க்காரர்கள் பலர் மக்காரோவ் என்ற வேறொரு தோட்டாவின் டையை உள் உறுப்புகள் கழற்றி அந்த இடத்தில் வைக்கிறார்கள். அது அடியை மட்டும் ஒழுங்குபடுத்தும், பிறகு வழக்கமான டையில் ஒருமுறை போட வேண்டும். உன்னிடம் இருக்கும் .38 சூப்பர் ரக ஓடுகளை இதில் தள்ளவே நினைக்காதே. விளிம்பு 10.31 மி.மீ., உடல் 9.75. விளிம்பு உடலைவிடப் பெரிது, மாட்டிக்கொள்ளும்.

தள்ளும்போது கவனம். கழுவிக் காய்ந்த ஓடாக இருக்க வேண்டும். திரவ லானோலின் ஒரு பங்கு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் பன்னிரண்டு பங்கு கலந்து லேசாகத் தெளித்து, ஆல்கஹால் பறக்கும்வரை விடு. கார்பைடுக்கு எண்ணெய் வேண்டாம் என்பார்கள். ஊடுருவித் தள்ளுவதற்கு வேண்டும், கையும் தோளும் நன்றி சொல்லும். கைப்பிடி ஒரே சீராக இறங்க வேண்டும். இடையில் இறுகினால் உடம்பின் பாரத்தைப் போட்டு அமுக்காதே, எடுத்துப் பார். வேலை முடிந்ததும் லானோலின் முழுவதும் போகும்படி மக்காச்சோளச் சக்கைத்தூளில் உருட்டு. எண்ணெய்ப் பூச்சுள்ள ஓடு சேம்பர் சுவரைப் பற்றாது, பின்னால் இருக்கும் ஸ்லைடுமேல் கூடுதல் உதை விழும்.

நிரப்பி முடித்த தோட்டா சேம்பரில் சிக்குகிறது என்று அதையே இந்த டையில் தள்ளுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தள்ளுகோல் வந்து உட்காருவது பிரைமர்மேல், தட்டினால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதி அது. இதற்கு மேல் விளக்கம் உனக்குத் தேவையில்லை. சிக்கிய தோட்டாவைக் கழற்றிப் பிரி, இல்லையென்றால் ஒதுக்கு.

ஓடு நிறைய இருந்தால் தள்ளுவதைவிட உருட்டுவது மேல். ரோல்சைசர், கேஸ் புரோ போன்ற இயந்திரங்கள் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஓட்டை உருட்டி எடுக்கும். விளிம்பு பெரிதாக இருக்கும் .38 சூப்பரும் அதில் அடங்கும், விளிம்புப் பிசிறும் சேர்ந்தே சரியாகும். விலைதான் கண்ணைக் கட்டும். கிளப்பில் நாலு பேர் சேர்ந்து வாங்கலாமே.

இரண்டாவது படத்தில் இருப்பவை மட்டும் என் பேச்சைக் கேட்டு நேரே பழைய பித்தளைக்காரனிடம் போகட்டும். ஒரு பக்கத்தில் பிறை மாதிரி படி விழுந்திருக்கிறதே, நகத்தால் தடவினால் தட்டுப்படும். ராம்பின் விளிம்பு பதிந்த இடம் அது. டையில் தள்ளினால் பார்வைக்கு வழவழப்பாகிவிடும், கேஜிலும் விழும். ஆனால் அந்த இடத்தில் உலோகம் இழுபட்டு மெலிந்திருக்கிறது. அடுத்த முறை அதே பலவீனமான பக்கம் ராம்பின்மேல் வந்து உட்கார்ந்தால் தடுக்க யாரும் இல்லை. அளவு திரும்பியதால் பலம் திரும்பியது என்று ஆகாது. சீராக, சுற்றிலும் லேசாக உப்பியதைச் சரிசெய். படி விழுந்ததைச் சரிசெய்யாதே.

சரிசெய்த ஓடுகளையும் தனி டப்பாவில் வை. 147 கிரெய்ன் எடைக் குண்டு, விநாடிக்கு 851 அடி என்றால் பவர் ஃபேக்டர் (எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண்) 125 தாண்டிவிடும். போட்டியில் மைனர் எனப்படும் அந்த மென்மையான தோட்டாவுக்கு அவை போதும். நீ ஓப்பன் பிரிவில் 124 கிரெய்னை 1,331 அடிக்கு ஓட்டி, மேஜர் எனப்படும் 165 எடுக்கப் பார்க்கிறாய். 9 மி.மீ.க்கு சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் தர அமைப்பு நிர்ணயித்த உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ. மேஜர் அதற்கு அப்பால் போகிற சமாச்சாரம். அதற்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரிந்த ஓடு மட்டும்தான், பொறுக்கியது வேண்டாம்.

உப்பிய அடியைச் சூடு காட்டி இளக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். கூடவே கூடாது. அடி கெட்டியாக இருப்பது தயாரிப்பில் அடித்து அடித்து ஏற்றிய கெட்டி. அதுதான் அழுத்தத்தைத் தாங்குகிறது, இளகினால் கதை முடிந்தது. அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷும் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டா ஓடுகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. குதிரை லாயங்களின் பக்கம் வைத்திருந்தார்கள், லாயத்து அம்மோனியா இறுக்கம் ஏறிய பித்தளையைப் பிளந்தது. காரணம் முறையாக விளங்கியது 1921-இல். நம் ஊர் உப்புக்காற்றில் குத்துவிளக்கு பச்சை பூப்பது வேறு சங்கதி, அது மேலே தெரியும். இந்த விரிசல் உள்ளே ஓடும். எலுமிச்சை உப்பில் (சிட்ரிக் அமிலத்தில்) அலசுவதானால் கொஞ்சமாகப் போடு. ஓடு இளஞ்சிவப்பாக மாறினால் அமிலம் கூடிவிட்டது என்று பொருள்.

நம் தெரு சின்னப் பையன்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுக்க முடியாது. இங்கே தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் வேண்டும், 9 மி.மீ.யோ தடைசெய்யப்பட்ட ரகம். அதனால் உன்னிடம்தான் கொட்டித் தீர்க்கிறேன்.

அடுத்த கடிதத்தில், சிக்கிய ஓடுகளில் ஒரு இருபதை எடுத்து, அடியிலிருந்து 4 மி.மீ. மேலே நாலு பக்கமும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுது. ஒரு பக்கம் மட்டும் கூடினால் ராம்ப், சுற்றிலும் கூடினால் கார்பைன். எந்த நிறுவன முத்திரை ஓடு அதிகம் சிக்குகிறது என்பதையும் சேர்த்து எழுது. கீழக்கரைத் தொதல் கேட்டாயே, உன் மச்சான் அடுத்த மாதம் அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
பாலு