எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை: செட்டிநாட்டு வீட்டுப் பங்காளிகளுக்குத் திறந்த மடல்

அன்புள்ள பங்காளி அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

நான் இந்த வளவு வீட்டில் பிறந்த பெண். கட்டிக்கொடுத்த இடம் வேறு, வீட்டில் எனக்குப் பங்கு கிடையாது. பங்கு கேட்டு எழுதுகிறேனோ என்று பயப்பட வேண்டாம். முன்னோரைக் கும்பிடும் படைப்பு வருகிறதே, அதற்கு வீடு திறக்கும்போது வீட்டின் இரண்டாம் கட்டு அறைகளை ஒழிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். பித்தளையும் எனாமலும் பாகம் பிரியுமாம். தேக்குத் தூணுக்கு விலை பேச ஆள் வந்துவிட்டாராம். பழைய தாள் எல்லாம் எடைக்கு. அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை பூட்டிக் கிடக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் படிக்கட்டுமே என்று பொதுவில் எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு வேறோர் ஊரில் ஒரு வீட்டை ஒழித்தார்கள். பேரேடுகளை மட்டும் பத்திரப்படுத்தினார்கள். நிலபுலன் விவகாரம் ஏதாவது அதில் இருக்குமோ என்ற நினைப்பு. கடிதங்கள் பழம்பொருள் கடைக்குப் போயின. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு கட்டு மிச்சம். எல்லாம் காலணா தபால் கார்டுகள். பலவற்றில் விக்டோரியா ராணியின் தலை அச்சடித்த மூலையை யாரோ சேகரிப்பவருக்காகக் கத்தரித்திருந்தார்கள். பின்பக்கத்தில் அந்த மூலையில் எழுதியிருந்த நாலு வரியும் ராணியோடு போய்விட்டது. கேட்டதற்கு, தலைக்குத்தான் விலை, எழுத்துக்கு யார் தருவார்கள் என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எடைக்குப் போட்டது நம்மவர்கள்.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். 1852-இல் கீழ் பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போனது, 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதிக் கழிமுகமெல்லாம் நெல் விளைச்சல் ஏறியது, அதற்குக் கடன் கொடுக்க நம் ஆட்கள் கப்பலேறினார்கள். கொண்டுவிக்க, அதாவது அக்கரையில் தொழில் பார்க்க, போனவர் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார். பெண்டாட்டியைக் கூட்டிப்போகிற வழக்கம் இல்லை. 1879-இல் தபால் கார்டு வந்தது. பர்மா அப்போது இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் இரங்கூனுக்கும் அதே காலணாதான். மூன்று வருஷக் குடித்தனமும் அந்த அட்டையில் நடந்தது.

இவர்கள் கையில் காசில்லாத பெண்கள் இல்லை. கொண்டுவந்த சீதனம் வட்டிக்கடையில் ‘ஆச்சிமார் பணம்’ என்ற பெயரில் கிடக்கும், வட்டி ஏறிக்கொண்டிருக்கும். என்னிடம் உள்ள கட்டின் ஆச்சி ஒவ்வொரு கார்டிலும் வட்டி விசாரிக்கிறார். இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் நம்மவர்கள் கூடி இந்த மாசம் என்ன நடப்பு வட்டி போட்டார்கள், என் கணக்கில் ஏன் குறைவாக இருக்கிறது என்று கேள்வி. பதில் வராவிட்டால் அடுத்த கார்டில் இன்னும் அழுத்தி அதே கேள்வி. அடுக்களையையும் முறுக்குப் பிழிவதையும் தவிர அந்தக் காலத்து ஆச்சிமாருக்கு வேறென்ன தெரியும் என்று என் முன்னாலேயே பேசியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். யார் என்று சொல்லவில்லை.

எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, ஆனால் அது ஆச்சியின் எழுத்து இல்லை. கணக்கப்பிள்ளை எழுத்து. வரவு செலவு எழுதும் அதே சாய்வு, நடுநடுவே மாகாணி போன்ற பின்னக் குறிகள். ஆச்சி தூணோரம் நின்று சொல்லச் சொல்ல அவர் எழுதியிருப்பார். புருஷன் பெயரை ஆச்சி வாயால் சொல்ல மாட்டாரே, அதையும் அவர்தான் நிரப்பியிருக்க வேண்டும். கார்டு கடல் தாண்டிப் போனால், கடையின் பெட்டியடியில் உதவிக்கு இருக்கும் அடுத்தாளும் எடுபிடிப் பொடியனும் பார்த்திருக்கப் புருஷன் அதைப் படிக்க வேண்டும். மனசில் உள்ளதை எங்கே வைப்பது? கேணியில் தண்ணீர் இறங்கிவிட்டது, எருமை ஈன்றது, இந்த வருஷம் மாவடு வாங்கவில்லை என்று போகிற ஒரு கார்டில், முகப்பில் இப்போது யாரும் படுப்பதில்லை என்று ஒரு வரி வருகிறது. அதற்கடுத்த வரி மறுபடி வட்டி.

ஆச்சியின் புருஷன் கணக்கு முடித்துக் கப்பலேறியபோது இந்தக் கார்டுகளையும் கட்டி எடுத்து வந்திருக்கிறார். அப்படி வராமல் இவை ஊரில் கிடைக்க வழியே இல்லை.

குடும்ப விஷயம் வெளியே போகலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் கடைத்தெருவில் மூட்டையாகக் கிடப்பது மட்டும் உள்ளே இருப்பதா? ஒரு நூலகத்துக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போதே இத்தனை வருஷத்துக்கு யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்த தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994 முதல் அது சென்னையில் நூலகமாக நிற்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவர் தாளுக்கு மதிப்பு உண்டு என்று காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

சரி, கொடுக்க மனமில்லை என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். கடிதக் கட்டை மட்டும் பிரித்துக் கலைக்காதீர்கள். தேதியெல்லாம் தமிழ் வருஷம். விகாரி என்று இருந்தால் அது 1899-ஆ, 1959-ஆ? அதே கயிற்றில் பக்கத்தில் இருந்த கார்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நிழலில் வைத்து இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். விலாசப் பக்கத்தில் தபால் முத்திரை இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், கண்டனூர் அயித்தைக்கு வயது 88. யார் மகள் யார், யாரை எங்கே கொடுத்தது என்று கேட்டால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். படைப்புக்கு அவரை அழைத்து வரும் கார் செலவு என்னுடையது.

எங்கள் அப்பத்தாவின் மாமியார் அறையில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி இருந்தது. சின்ன வயதில் அதன்மேல் ஏறி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். அந்த அறைச் சாவி தொலைந்துவிட்டது, பூட்டை உடைக்கத்தான் வேண்டும் என்று போன மாசம் போனில் சொன்னீர்கள். உடைக்க வேண்டாம். முகப்பில் ஐயா படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் பிறந்த ஒருத்தி