பனியின் மேல் நடக்கப் பழகுவோம்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். கனடாவில் குளிர்காலம் தொடங்கியதும் எங்கள் தமிழ் முதியோர் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறார்கள் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் வருந்தி எழுதியிருந்தார். அவர் எழுதியது முழு உண்மை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் குடியேறிய நானும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தேன். வாசலில் குவிந்த பனியை அள்ளி ஒதுக்குவதும், வழுக்கி விழாமல் பேருந்துத் தரிப்பிடம் வரை போய்ச் சேர்வதுமே பனியோடு எனக்கிருந்த உறவு. ஐம்பத்தெட்டாவது வயதில் மகள் வற்புறுத்தி அழைத்துச் சென்றதால், இங்கு எல்லோரும் ஸ்னோஷூ என்று சொல்லும் பனிச்சப்பாத்தை அணிந்து நடக்கப் பழகினேன். அதன் பிறகு மார்கழி, தை மாதங்களை நான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.

இதற்குப் பனிச்சறுக்குக்கு வேண்டிய பயிற்சியோ துணிச்சலோ தேவையில்லை. நடக்கத் தெரிந்தால் போதும். அலுமினியச் சட்டமும், அதற்குள் இழுத்துப் பொருத்திய தடித்த தளமும், உறைபனியைப் பற்றிக்கொள்ள அடியில் உலோகப் பற்களும் கொண்ட அந்தச் சப்பாத்தில், வழக்கமான குளிர்காலச் சப்பாத்தோடேயே காலை வைத்து, முன்பாதத்தை வாரால் இறுக்கிவிட வேண்டும். குதிகால் கட்டப்படாமல் எழுந்து தாழும். உடலின் எடை அகன்ற பரப்பில் பரவுவதால், முழங்கால் வரை புதையக்கூடிய பனியிலும் கால் சில அங்குலமே அமிழும். மணற்காட்டு மணலில் கால் புதையப் புதைய நடந்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். கால்களைச் சற்று அகட்டி வைத்து நடக்க வேண்டும் என்பதையும், பின்னோக்கி அடி வைக்கக் கூடாது என்பதையும் மறவாதிருந்தால் போதுமானது. பின்னால் கால் வைத்தால் சப்பாத்தின் வால்பகுதி பனியில் குத்திக்கொண்டு ஆளை விழுத்திவிடும். திரும்புவதென்றால் சிறு வட்டமாக நடந்தே திரும்ப வேண்டும்.

சென்ற ஆண்டு பெப்ரவரியில் ஒரு நாள் காலை, வடக்கே தொலைவிலுள்ள அல்கொன்குயின் காட்டுப் பூங்காவில், 60ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஒட்டிய நடைபாதை ஒன்றில் நாங்கள் இருவரும் நடந்தோம். முதல் நாள் இரவு பெய்த பனியில் எங்களுக்கு முன் எந்த மனிதரும் கால் வைத்திருக்கவில்லை. ஆனால் முயலொன்று வைத்திருந்தது. அகன்ற பின்னங்கால்களின் பெரிய தடங்கள் முன்னாலும், முன்னங்கால்களின் சிறு தடங்கள் அவற்றுக்குப் பின்னாலுமாக, அது தாவிச் சென்ற வழி தேவதாரு மரங்களுக்கிடையே நீண்டு போயிற்று. பாதம் அகன்றிருப்பதால் ஆங்கிலத்தில் அந்த முயலுக்குப் பனிச்சப்பாத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாங்கள் நின்றபோது சப்பாத்தின் சரசரப்பும் நின்றது. கிளையிலிருந்து பனி உதிரும் ஓசைகூடக் காதில் விழுந்தது. குளிர் முடியும் முன்னரே கூடு கட்டி முட்டையிடும் கனடா ஜே என்ற சாம்பல்நிறப் பறவை ஒன்று, கைக்கெட்டும் தூரத்துக் கிளையில் வந்திருந்து எங்களை உற்றுப் பார்த்தது. மூன்று மணி நேரம் நடந்து, வாகனத்துக்குத் திரும்பி, குடுவையிலிருந்த இஞ்சித் தேநீரைக் குடித்தபோது உடல் முழுவதும் பரவிய வெம்மையை வீட்டு வெப்பமூட்டி எனக்கு ஒருநாளும் தந்ததில்லை.

இது நேற்று வந்த பொழுதுபோக்கு அன்று என்பதையும் எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டும். இந்நிலத்தின் முதற்குடி மக்கள் ஆஷ் மரச் சட்டத்தை வளைத்து, மூஸ், கரிபூ ஆகிய மான்களின் தோல்வாரால் பின்னி, வேட்டைக்கும் பயணத்துக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். ஒஜிப்வே மக்களின் சப்பாத்து இருமுனையும் கூர்மையானது. ஹியூரோன் மக்களுடையது வால் நீண்டது. பிரெஞ்சுக் குடியேறிகள் இதை அவர்களிடமிருந்தே கற்றார்கள். 1840களில் மொன்றியலில் இதற்கென்றே ஒரு கழகம் தோன்றி, அதன் உறுப்பினர்கள் நீலக் கம்பளித் தொப்பியுடன், இரவில் தீப்பந்தம் ஏந்தி மவுண்ட் றோயல் குன்றில் நடந்தார்கள்.

அல்கொன்குயின் வரை எல்லோராலும் போக முடியாது. எங்கள் மக்கள் நெருங்கி வாழும் ஸ்காபரோவுக்கும் மார்க்கம் நகருக்கும் அருகிலேயே றூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது; அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ரொறன்ரோப் பகுதியில் பனி நிலைத்து நிற்பதில்லை என்பதால், நல்ல பனி பொழிந்த மறுநாளே புறப்பட்டுவிடுவது நல்லது. பருத்தி உடை வியர்வையில் நனைந்து குளிரை ஏற்றும். உள்ளே கம்பளி உடையும் வெளியே காற்றுப் புகாத மேலங்கியும் அணிய வேண்டும். உறைந்த குளத்தின் மேல் இறங்கவே கூடாது. பனிச்சறுக்குவோருக்காக இழுத்து வைத்த இரட்டைத் தடத்தை மிதித்துக் கெடுக்காமல் ஒதுங்கி நடப்பது மரியாதை. இருதய நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நன்று.

எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடைகால ஒன்றுகூடலைப் பல மாதங்கள் முன்பே திட்டமிட்டு நடத்துகின்றன. அவை தை அல்லது மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகைக்குப் பனிச்சப்பாத்துகளை எடுத்து, முதியோரையும் பேரப்பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் சென்று ஒரு மணி நேரமாவது நடக்கச் செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அப்படியொரு நடைக்கான அறிவித்தலைத் தங்கள் பத்திரிகை வெளியிடுமானால், முதன்முறை வருவோருக்கு வாரைக் கட்டிவிடவும் உடன் நடக்கவும் நானும் மகளும் வருவோம்.

இங்ஙனம்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்